உத்தரவில்லாமல் திறந்த பைகள்

முதல் முறை அது வந்தபோது ஆய்வகத்து ஃப்ரிட்ஜின் அடித்தட்டிலிருந்து ரத்த மாதிரிகளை எடுக்கக் குனிந்திருந்தேன். காலை பதினொன்றரை இருக்கும். நிமிர்ந்ததும் நெஞ்சு அடிக்கத் தொடங்கியது. மாடிப்படி ஏறினால் அடிக்குமே, அந்த அடி இல்லை. வெள்ளைக் கோட்டின் பாக்கெட்டில் செருகியிருந்த பேனா ஆடுவதை நானே பார்த்தேன். உள்ளங்கை நனைந்தது. பின்மண்டையில் யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துவதுபோல வலித்தது. இதெல்லாம் வந்த பிறகுதான் பயம் வந்தது. எதைக் கண்டு என்று சொல்லத் தெரியாத பயம். ஜன்னலுக்கு வெளியே தல்லாகுளம் ரோட்டில் பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. எதிர்க்கடையில் இரண்டு வக்கீல்கள் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் டீயைக் குடித்து முடிப்பதற்குள் நான் செத்துவிடுவேன் என்று நிச்சயமாகத் தோன்றியது.

அவர்கள் குடித்துவிட்டுப் போனார்கள். கால் மணி நேரத்தில் எனக்கும் எல்லாம் வடிந்துவிட்டது.

ஹார்மோன் பரிசோதனைப் பிரிவில் நாங்கள் இரண்டே பேர். நானும், என்னைவிடப் பத்து வருஷம் மூத்த ஒரு அண்ணனும். கூடப் பிறந்தவர் இல்லை. டவுனுக்குள் பள்ளிவாசல் தெருவிலிருந்து வருகிறவர். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையிலிருந்ததைக் கீழே வைத்தார்.

"என்ன தங்கச்சி, சுண்ணாம்பு அடிச்ச செவுரு மாதிரி இருக்க? ஃப்ரிட்ஜுக்குள்ள பேய் கீய் உக்காந்திருக்கா?"

"காலைல சாப்பிடலண்ணே."

"அதானே பார்த்தேன். பேய் இருந்தாலும் உன்னையப் பார்த்ததும் ரிஜிஸ்டர்ல கையெழுத்துப் போட்டுட்டுல்ல உள்ள வந்திருக்கும்."

நான் எதையும் எழுதி வைக்கிறவள். கடைக்குப் போனால் பட்டியல், ஊருக்குப் போனால் பட்டியல். அதனால் இதையும் ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தேன். நேரம், அப்போது என்ன செய்துகொண்டிருந்தேன், எத்தனை நிமிடம், முகம் எப்படி இருந்தது என்று அம்மா சொன்னது. ஒன்பது முறை எழுதிய பிறகு ஒரு நாள் உட்கார்ந்து மேலிருந்து கீழாகப் படித்தேன். குனிந்தபோது நான்கு. தண்ணீர்க் கேனைத் தூக்கியபோது இரண்டு. சுடிதார் நாடாவை இறுக்கிக் கட்டியபோது ஒன்று. இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தபோது இரண்டு. எதையாவது நினைத்துப் பயந்தபோது என்று ஒன்றுகூட இல்லை. அந்த நோட்டை மூடி வைத்துவிட்டு நான் உண்மையாகவே பயந்தேன்.

எங்கள் வீடு ஆனையூரில். அம்மாவுக்கு நோட்டெல்லாம் தேவைப்படவில்லை. பைபாஸில் நான் ஒரு விபத்தைப் பார்த்துவிட்டு வந்திருந்தேன், அதில் பயந்துவிட்டேன், அவ்வளவுதான். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு செம்பில் தண்ணீரோடு என்னைப் பள்ளிவாசலுக்குக் கூட்டிப் போனார். தொழுகை முடித்து வெளியே வருகிறவர்கள் வாசலில் நிற்கும் பிள்ளைகளின் முகத்தில் ஓதி ஊதிவிட்டுப் போவார்கள். வரிசையில் எல்லாம் இடுப்புக் குழந்தைகள். நடுவில் இருபத்தேழு வயதில் நான். ஒரு பெரியவர் என் முன்னால் வந்து, குழந்தையைத் தேடுகிறவர்போலச் சுற்றிலும் பார்த்தார். அம்மா என்னைக் காட்டி, "இவதான் பாய், இவளுக்குத்தான்" என்றார். அவர் சிரிக்காமல் ஓதினார்.

மறுநாள் ஆய்வகத்தில் அண்ணன் கேட்டார்: "நேத்து எங்க பள்ளிவாசல்ல பிள்ளைங்களோட பிள்ளையா நின்னியாம்ல? எங்க அத்தா சொன்னாரு. அடுத்த தடவ வந்தா முன்னாடியே சொல்லு, முட்டாய் வாங்கிட்டு வாரேன்."

சிரித்தேன். சிரிக்கும்போதே குனிந்துவிடக் கூடாது என்று ஜாக்கிரதையாக நின்றேன். பேனா கீழே விழுந்தாலும் எடுக்காமல் காலால் தள்ளிக்கொண்டே போக ஆரம்பித்திருந்தேன்.

எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. கல்லூரியில் பரீட்சைக்குப் படித்து, படம் வரைந்து, பாகம் குறித்த விஷயம். சிறுநீரகத்தின் உச்சியில் தொப்பி வைத்த மாதிரி ஒரு சுரப்பி இருக்கிறது. அதன் நடுப்பகுதிச் செல்கள் பிறவியில் நரம்பு வகையைச் சேர்ந்தவை, வளரும்போது சுரப்பியாகிவிட்டன. அந்தச் செல்களுக்குள் அட்ரினலின் சும்மா மிதந்துகொண்டிருப்பதில்லை. ஆயிரக்கணக்கான சின்னஞ்சிறு பைகளில் கட்டி வைக்கப்பட்டிருக்கிறது. சில பைகள் செல்லின் ஓரச் சவ்வை ஒட்டி, பஸ் வருவதற்கு முன்பே அதன் படிக்கட்டு வந்து நிற்கும் இடத்தில் போய் நிற்கிற ஆட்களைப் போலத் தயாராக நிற்கும். மூளையிலிருந்து நரம்பு வழியாக உத்தரவு வரும். செல்லின் வாசல்கள் திறந்து வெளியிலிருந்து கால்சியம் உள்ளே பாயும். கால்சியம் பட்டதும் பையின் சவ்வும் செல்லின் சவ்வும் ஒன்றோடொன்று உருகி ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய இடத்தில் ஓட்டை விழும். பை தன்னிடம் உள்ளதை வெளியே கொட்டும். நரம்பு இதையே செய்தால் பக்கத்துச் செல்லுக்கு மட்டும் போய்ச் சேரும்; சுரப்பி செய்தால் ரத்தத்தில் கலந்து உடம்பு முழுக்கப் போகும். நாய் துரத்தும்போது நாம் ஓடுவது இதனால்தான்.

சிலருக்கு, மிக மிகச் சிலருக்கு, அந்தச் செல்கள் கட்டியாக வளரும். அந்தக் கட்டிக்கு உத்தரவு வேண்டியதில்லை. குனிந்து வயிறு அழுந்தினால் போதும், பைகள் கொட்டும். நாய் இல்லை, ஆனால் இதயம் ஓடும். எதற்கு இப்படி அடிக்கிறது என்று மனம் காரணம் தேடும், கிடைக்காது, அதனால் இன்னும் பயப்படும்.

எங்கள் ஆய்வகத்துக்கு நோயாளிகளை அனுப்பும் டாக்டரம்மாவிடம் நோட்டைக் கொடுத்தேன். முழுவதும் படித்தார். ரத்த அழுத்தம் பார்த்தார், சரியாக இருந்தது. அது வராத நேரங்களில் எப்போதும் சரியாகத்தான் இருந்தது.

"வீட்டுல கல்யாணப் பேச்சு ஓடுதாம்மா?"

"ஓடுது. ஆனா அதுக்கும் இதுக்கும்..."

"லேப்ல வேலை பார்க்கிறீங்க. படிச்ச நோயெல்லாம் நமக்கே இருக்கிற மாதிரி தோணும். நீங்க சொல்றது ரொம்ப அபூர்வம். சரி, உங்க திருப்திக்கு ஒரு தடவ பார்த்துடுவோம். நார்மல்னு வந்தா நான் சொல்றதக் கேக்கணும்."

அந்தப் பரிசோதனைக்கு ஒரு முழு நாள் சிறுநீரையும் ஐந்து லிட்டர் கேனில் சேர்க்க வேண்டும். கேனைக் கொடுப்பதும் வாங்குவதும் எங்கள் பிரிவின் வேலை. சோதனை சென்னையில் நடக்கும். கேனின் அடியில் நாங்கள் கொஞ்சம் அமிலம் ஊற்றிக் கொடுப்போம். அமிலம் இல்லாவிட்டால் அட்ரினலின் ஒரு நாள் தாங்காது, சிதைந்துவிடும். கேனின் மேல் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவோம்: உள்ளே அமிலம் உள்ளது, கொட்டாதீர்கள், கழுவாதீர்கள். திரும்பி வந்ததும் காகிதப் பட்டையை நனைத்து அமிலத்தன்மை சரிபார்த்து, படிவத்தில் அந்தக் கட்டத்தில் ஒரு டிக் போடுவோம். எத்தனையோ பேருக்கு நான் இந்தப் பாடத்தை நின்று சொல்லியிருக்கிறேன்.

எனக்கான கேனில் அமிலத்தை நானே ஊற்றினேன். நம் வீட்டுக்குத்தானே போகிறது என்று ஸ்டிக்கர் ஒட்டவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் கொண்டுபோய்க் குளியலறையில் வைத்துவிட்டு மாத்திரைக் கடை வரை போய்வந்தேன். ஞாயிறு முழுக்கச் சேர்த்தேன். மூடியைத் திறந்தபோது வழக்கமான நெடி வரவில்லை என்று ஒரு நொடி தோன்றியது. ஜலதோஷம் பிடித்திருந்தது, அதுதான் என்று விட்டுவிட்டேன். திங்கட்கிழமை காலை நானே கொண்டுவந்து, நானே அளந்து, சென்னைக்குக் கொஞ்சமும் எங்கள் ஃப்ரீசருக்குக் கொஞ்சமும் பிரித்தேன். அமிலம் நானே ஊற்றியது, இதில் என்ன சரிபார்ப்பது என்று பட்டையை நனைக்காமலே கட்டத்தில் டிக் போட்டேன்.

முடிவு நார்மல் என்று வந்தது.

டாக்டரம்மா இதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை எழுதினார். சாதாரண மாத்திரைதான். படபடப்புக்கு ஊரில் பாதிப் பேர் போடுவது. ஒப்புக்கொண்டபடி அவர் சொன்னதைக் கேட்டேன்.

இரண்டாம் நாள் ஆய்வகத்தில் அது வந்தது. முன்பு வந்ததெல்லாம் இதற்கு ஒத்திகை என்று சொல்லும்படி வந்தது. கண் முன்னால் வெளிச்சம் வெட்டியது. நெஞ்சின் மேல் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி இருந்தது. அண்ணன் ரத்த அழுத்த மிஷினைக் கொண்டுவந்து கட்டினார். முதல் தடவை மிஷின் பிழை என்று காட்டியது. இரண்டாவது தடவை எண் வந்ததும் அவர் மிஷினைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"எம்புட்டுண்ணே?"

"மிஷின் ரிப்பேரு."

"எம்புட்டுன்னு சொல்லுங்க."

"ஆட்டோ வருது. நீ பேசாம இரு."

அவர் என்னிடம் ஓர் எண்ணை மறைத்தது அதுதான் முதல் தடவை. ஆட்டோவில் என் பக்கத்தில் உட்கார்ந்து வாய்க்குள் எதையோ ஓதிக்கொண்டே வந்தார்.

பெரிய மருத்துவமனை ஒன்றில் ஊசி போட்டு அழுத்தத்தை இறக்கினார்கள். அன்று பணியில் இருந்த இளம் டாக்டர் நான் போட்ட மாத்திரையின் பெயரைக் கேட்டதும் நின்றார். "இது போட்டு ஏறுதுன்னா, அந்தக் கட்டியைத்தான் நினைக்கணும். ஆனா உங்களுக்குத்தான் டெஸ்ட் நார்மலா இருக்கே" என்று தனக்குத்தானே சொல்வதுபோலச் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

மறுநாள் காலை வார்டில் படுத்தபடி யோசித்தேன். உடம்பு ஒன்று சொல்கிறது, எண் ஒன்று சொல்கிறது. எண்ணை நம்புவதுதான் என் பிழைப்பு. அந்த எண் எப்படி வந்தது என்று படிப்படியாக மனதில் எழுதிப் பார்த்தேன். கேன் எடுத்தேன். அமிலம் ஊற்றினேன். ஸ்டிக்கர் ஒட்டவில்லை. கொண்டுபோனேன். சேர்த்தேன். நெடி இல்லை. அளந்தேன். டிக் போட்டேன். அந்த டிக்கில் வந்து நின்றேன். கையெல்லாம் குளிர்ந்துவிட்டது. நோயால் இல்லை.

அண்ணனுக்குப் போன் போட்டேன். "ஃப்ரீசர்ல என் சாம்பிள் மிச்சம் இருக்குல்லண்ணே? எடுத்து உருக வச்சு, பட்டையை நனைச்சு என்ன கலர்னு சொல்லுங்க."

"நீதானே செக் பண்ணி டிக் போட்டிருக்க?"

"நனைச்சுப் பாருங்கண்ணே."

அரை மணி நேரம் ஆயிற்று. அம்மா கட்டிலருகே ஸ்டூலில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். போன் அடித்தது.

"தங்கச்சி, செவப்பா வரணும்." அவர் குரலில் விளையாட்டு இல்லை. "பச்சையா வந்திருக்கு. இதுல ஆசிட்டே இல்ல."

போனை வைத்துவிட்டு அம்மாவைப் பார்த்தேன்.

"அம்மா, நான் கொண்டுவந்த வெள்ளைக் கேனை நீ எதாச்சும் பண்ணுனியா?"

"என்ன பண்ணுனேன்? ஒண்ணும் பண்ணலையே."

"யோசிச்சுச் சொல்லும்மா."

"கழுவி வச்சேன்." ஆரஞ்சுச் சுளையை நீட்டினார். "வெளியில இருந்து வந்த சாமான், எவன் எவன் தொட்டதோ, கழுவாமயா வைப்பாங்க? அடியில என்னமோ தண்ணி மாதிரி கெடந்துச்சு பாப்பா, ஒரே நெடி. அதக் கொட்டிட்டு சோப்புத்தூள் போட்டு ரெண்டு தடவ அலசி மாடில கவுத்தி, காஞ்சதும் பழைய எடத்துலயே கொண்டாந்து வச்சேன். ஏன், ஒழுகுதா?"

எங்கள் வீட்டுக்குள் புதிதாக வரும் எந்தப் பாத்திரமும் கழுவாமல் அடுத்த வேலைக்குப் போனதில்லை. கடையில் உறை பிரிக்காமல் வாங்கிய டம்ளராக இருந்தாலும் சரிதான். இருபத்தேழு வருஷம் அந்த வீட்டில் இருந்தும் அது எனக்கு நினைவுக்கு வரவில்லை. அம்மாவின் கையை இழுத்துப் பார்த்தேன். விரல் இடுக்கில் தோல் லேசாக உரிந்து ஆறியிருந்தது.

"இது என்ன?"

"அன்னைக்கு எரிஞ்சுச்சு. தேங்கா எண்ணெ தடவுனேன். எதுக்குடி இப்படி முழிக்கிற?"

சொன்னேன். தப்பு என்னுடையது என்றும் சேர்த்தே சொன்னேன். அவர் அந்த இரண்டாவது பாதியைக் கேட்கவில்லை. உரித்த ஆரஞ்சை மடியில் வைத்துக்கொண்டு, அந்த மாத்திரையை நான் போட்டது தன்னால்தானா என்று மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் இல்லை என்றேன்.

அடுத்த கேனை அண்ணனே வீட்டுக்குக் கொண்டுவந்தார். நான்கு பக்கமும் ஸ்டிக்கர். "அம்மா, இதுக்குள்ள ஆசிட் இருக்கு. இது அழுக்காவே இருக்கட்டும், பரவால்ல" என்றார். அம்மா குளியலறைக் கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அலங்காநல்லூர் பக்கம் வயலைப் பார்த்துவிட்டு வந்த அப்பாவை உள்ளே விடவில்லை. "பக்கத்து வீட்டுல போயிக் குளிங்க. இன்னைக்கு இங்க யாரும் எதையும் தொடக் கூடாது."

இந்த முறை பட்டையை அண்ணன் நனைத்தார், நான் பார்த்தேன், இருவரும் கையெழுத்துப் போட்டோம். சென்னையிலிருந்து வந்த தாளில், என் பெயருக்கு நேரே, மேல்நோக்கிய அம்புக்குறியோடு ஓர் எண் இருந்தது. அதற்கு முன் எந்தத் தாளிலும் அவ்வளவு பெரிய எண்ணை நான் பார்த்ததில்லை. ஸ்கேனில் இடது சிறுநீரகத்தின் மேல், எலுமிச்சம்பழம் போல உருண்டையாக அது இருந்தது. என்னைவிடச் சாதுவாகத் தெரிந்தது.

அறுவை சிகிச்சை டாக்டர் வளவளவென்று பேசுகிறவர் இல்லை. "எடுத்துட்டா சரியாயிடும். ஆனா எடுக்கிறதுக்கு அதைக் கையால தொடணும். தொட்டா அது கொட்டும். அதுக்காகத்தான் முன்கூட்டியே மாத்திரை. ரத்தக் குழாய்கள் அதோட பேச்சக் கேக்காம இருக்கப் பழக்கணும். அப்பவும் ரிஸ்க் இருக்கு." எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. உறங்கிக்கொண்டிருக்கும்போது என் உள்ளே ஒரு கை போகும். சவ்வோரம் தயாராக நிற்கும் அத்தனை பைகளும் ஒரே சமயத்தில் திறக்கும். பரீட்சையில் நான் வரைந்த படம் அது. பாகம் குறித்து முழு மதிப்பெண் வாங்கியிருந்தேன்.

மூன்று வாரம் மாத்திரை. மூக்கு அடைத்துக்கொண்டது, எழுந்தால் தலை சுற்றியது. உப்பு நிறையச் சாப்பிடச் சொன்னதால் அம்மா மூன்று வேளையும் கருவாடும் ஊறுகாயும் வைத்தார். அது வருவது நின்றுவிட்டது. குனிந்தாலும் வரவில்லை. ஆனால் எனக்குப் பயமாகவே இருந்தது. நெஞ்சு ஒழுங்காக அடிக்க, உள்ளங்கை காய்ந்திருக்க, சோற்றைப் பிசைந்துகொண்டே பயந்தேன். உடம்பு ஒத்துழைக்காத அந்தப் பயத்தை யாரிடமும் காட்ட முடியவில்லை. "தெளிஞ்சு போயிட்டா" என்று அம்மா போனில் சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின நாள் ஒரு பட்டியல் எழுதினேன். போன் பூட்டைத் திறக்கும் எண், வண்டியின் மாற்றுச் சாவி இருக்கும் இடம், ஆய்வக மிஷினுக்கு அடுத்த சர்வீஸ் தேதி, என் இடக்கையில் ஊசி ஏறும் நரம்பு. அண்ணனிடம் கொடுத்தேன். படித்துவிட்டு மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். ஜோக் எதுவும் சொல்லவில்லை. அதுதான் என்னை மிகவும் கலங்கடித்தது.

காலை ஏழு மணிக்குத் தள்ளுவண்டியில் கொண்டுபோனார்கள். கூரையில் விளக்குகள் ஒவ்வொன்றாகப் போயின. மயக்க டாக்டர் குனிந்து, "என்னம்மா, பயமா இருக்கா?" என்றார்.

"இருக்கு சார்."

"மானிட்டர்ல ஒண்ணும் தெரியலையே."

"மாத்திரை மறைக்குது சார். இருக்கு."

அவர் என் தோளைத் தட்டினார். அதன்பின் எனக்கு எதுவும் தெரியாது. பிறகு சொன்னார்கள்: கட்டியைத் தொட்டபோது அழுத்தம் மூன்று முறை எகிறியது, மூன்று முறையும் இறக்கினார்கள். அதன் ரத்த நாளத்தைக் கட்டியதும் அழுத்தம் கிணற்றில் வாளி விழுந்த மாதிரி விழுந்தது, மறுபடி ஏற்றினார்கள். கண் விழித்தபோது தொண்டை வறண்டிருந்தது, அம்மா என் காலைப் பிடித்துக்கொண்டிருந்தார். கட்டியை வெட்டிப் பார்த்தவர்கள், இது திரும்ப வருமா வராதா என்று பார்த்ததை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது, வருஷா வருஷம் சோதிக்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். அந்த வரியை எத்தனை முறை படித்தேன் என்று தெரியாது.

இரண்டு மாதம் கழித்து முதன்முதலாக வண்டி எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பினேன். ஆனையூர் தாண்டி வந்துகொண்டிருந்தேன். பக்கச் சாலையிலிருந்து கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று சிக்னல் இல்லாமல் உள்ளே புகுந்தது. பிரேக்கை அழுத்திக் காலை ஊன்றினேன். பெரிய சக்கரம் என் முழங்காலுக்கு ஒரு முழம் தள்ளி நின்றது.

"ஏம்மா, வீட்டுல சொல்லிட்டு வந்துட்டியா?" என்று கத்தினார் டிரைவர்.

நெஞ்சு அடித்தது. உள்ளங்கை நனைந்தது. வண்டியை ஓரமாகத் தள்ளிக்கொண்டுபோய் நிறுத்தினேன். வந்துவிட்டது என்று தோன்றியது. கடிகாரத்தைப் பார்த்தபடி மணிக்கட்டில் விரலை வைத்தேன். நூற்று இருபத்தெட்டு.

டிரைவர் இறங்கி வந்தார். கிட்டத்தில் பார்த்தால் அவருக்கும் முகம் வெளுத்திருந்தது. "என்னம்மா, அடிகிடி பட்டுருச்சா? ஏன் கையப் பிடிச்சுக்கிட்டு நிக்கிற?"

"கொஞ்சம் பொறுங்கண்ணே. எண்ணிக்கிட்டிருக்கேன்."

"என்னத்த எண்ணுற? வண்டி நம்பரையா? எம்மா, தாயி, தப்பு என் மேலதான், போலீசு கீலீசுன்னு போயிராத."

அடுத்த நிமிடம் நூற்றுப் பத்து. அதற்கு அடுத்தது தொண்ணூற்று நான்கு. தலைவலி வரவில்லை. அவர் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார், பின்னால் பஸ் ஒன்று விடாமல் ஹாரன் அடித்தது. எண்பத்தாறு.

"நீங்க போங்கண்ணே" என்றேன். "இறங்கிருச்சு."

அவர் டிராக்டரைப் பார்த்தார், கரும்பைப் பார்த்தார், எது இறங்கியது என்று புரியாமல் என்னைப் பார்த்தார். நான் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, சாலையோரம் நின்று அழுதேன்.